இறங்கிட்டேன்னு சொல்லு

மார்ச் 3, செவ்வாய்

தங்கைக்கு அந்தத் தீவு கிடைத்துவிட்டது.

ஆறு வருஷமாக நான் காத்திருக்கும் தீவு. ஆளே குடியில்லாத பாறை. எப்போதாவது ஒரு கூட்டம் படகில் போய் இறங்கி, ரேடியோ வைத்து உலகத்தோடு பேசிவிட்டுத் திரும்பும். அவர்களோடு ஒரே ஒரு தடவை பேசிவிட வேண்டும் என்று தவம் கிடக்கிறேன். இவள் ரேடியோவில் பேச ஹாம் லைசென்ஸ் வாங்கி இரண்டு மாசம். வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்தபடி, போன் வழியாகவே எங்கள் ரேடியோவை இயக்கிக் கூப்பிட்டாளாம். "ஒரே தடவைதான்க்கா கூப்பிட்டேன். உடனே பதில் சொல்லிட்டாங்க."

வாழ்த்தினேன். வாய் நிறைய வாழ்த்தினேன். வயிறு எரிந்தது வெளியே தெரியாதே.

மாசக் கடைசி வரை தீவில் இருப்பார்களாம். இன்னும் நாள் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

மலைக்குப் போய் வந்தேன். எங்கள் அடுக்குமாடியில் மொட்டைமாடியில் ஆன்டெனா கட்ட விடவில்லை என்பதால் கோழிப்பண்ணைக்காரரின் மேட்டு நிலத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ரேடியோ. வெளியே கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் நீளக் கம்பி. இன்டர்நெட் இருந்தால் நானும் அவளும் எங்கிருந்தும் இயக்கலாம். எங்கிருந்தும்! சொகுசு அவளுக்கு. கம்பம் நட்டது யார்? இடிதாங்கிக்குக் குழி வெட்டியது யார்? குளவிக் கூட்டைக் கலைத்துக் கண் வீங்கிப்போய் ஒரு வாரம் வேலைக்குப் போனது யார்?

கோழிப்பண்ணைக்காரர் கேட்டார்: "உங்க ரெண்டு பேர்ல அந்த நல்லாப் பேசற பொண்ணு யாரு?"

"அது என் தங்கச்சி."

"அப்ப நீங்க?"

"நான் குளவி விரட்டறவ."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொட்டகைக் கதவில் நான் பெயின்டால் எழுதியது கொஞ்சம் மங்கியிருந்தது. மறுபடி எழுதினேன். வந்ததும் மெயினை அணை. ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போடு. மலைக்குப் போனவள் "இறங்கிட்டேன்" என்று வாயால் சொல்லும்வரை வீட்டிலிருப்பவள் மைக்கைத் தொடக் கூடாது. பேசும்போது கம்பியில் பாயும் மின்சாரம் தொட்ட கையைச் சுட்டுவிடும். லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவளுக்கு இது ரத்தத்தில் ஊறியது. ஆள் குழிக்குள் நிற்கும்போது மேல்மாடியில் யாரோ பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 12, வியாழன்

தீவைக் கூப்பிட்டேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம். கேட்கவே இல்லை அவர்களுக்கு.

மார்ச் 14, சனி

அம்மா போனில் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "சின்னவ தீவோடயே பேசிட்டா!" பெரியவ கம்பம் நட்டா என்று ஒரு வார்த்தை வரவேண்டுமே? ம்ஹூம்.

அதே கம்பி, அதே ரேடியோ. குரல்தான் வேறு. அவள் "ஹலோ" என்றால் பல்வலிக்காரனே வலியை மறக்கிறான். நான் சொன்னால் வீட்டுக்காரர் வாடகை கேட்கிற மாதிரி இருக்கிறது. இதற்கு நான் என்ன செய்ய?

மார்ச் 17, செவ்வாய்

சனி ஞாயிறு போட்டி வருகிறது. அதிக நாடுகளோடு பேசுபவருக்குக் கோப்பை. "நீ கலந்துக்கலையாக்கா? அப்ப நானே ரெண்டு நாளும் உட்காரட்டுமா?" என்றாள். உட்காரடி, உட்கார்.

ஒரு யோசனை வந்திருக்கிறது. எழுதவே கூசுகிறது. கம்பியின் மரத்துப் பக்க முனையைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினால் போதும். எதுவும் உடையாது, கெடாது. அவள் குரல் மட்டும் தூரத்துக்கு எட்டாது. கயிறு தளர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 19, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன்.

காலையில் போனேன். மெயினை அணைக்கவில்லை. அணைத்தால் அவள் போனில் ரேடியோ இருட்டாகிவிடும், "மலைக்கா போன?" என்று கேட்பாள். காலையில் ஆஸ்பத்திரியில் கூட்டம் அள்ளும், பேச நேரமிருக்காது என்று கணக்குப் போட்டேன். நான். கதவில் எழுதி வைத்த நான்.

கயிற்றை அவிழ்த்து முனையை இழுத்தேன். கை கம்பியில் பட்டது. சுரீர்! தோல் கருகின நாற்றம். ஒரு நொடிதான் - பிறகு எதுவுமே இல்லை. உட்கார்ந்துவிட்டேன். போன் அடித்தது.

"அக்கா, மலைல யாராச்சும் இருக்காங்களா? பேசிட்டிருக்கும்போது மீட்டர் முள்ளு திடீர்னு துள்ளுச்சு. கம்பிகிட்ட ஆள் நின்னா அப்படித்தான் துள்ளும்னு நீதான சொன்ன? உடனே பட்டன்லேருந்து கைய எடுத்துட்டேன்."

நான் எப்போதோ போகிறபோக்கில் சொன்னது. அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டா பேசுகிறாள்? நான் பார்ப்பதே இல்லையே.

"நான்தான்" என்றேன்.

"மெயின் ஓடுதேக்கா."

"மறந்துட்டேன்."

"நீயா?"

வைத்துவிட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

களிம்போடு வந்தாள். விரல் நுனி வெள்ளையாகச் செத்துக் கிடக்கிறது. கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கயிறு அவுந்து கெடக்குன்னு கோழிக்காரர் சொன்னாரு. நான் சின்னப் புள்ள இல்லக்கா, எனக்குப் புரியுது." கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "என் மேல எரிச்சல்னா மூஞ்சிக்கு நேரா திட்டியிருக்கலாம்ல? நான் யார்கிட்டயோ ஹலோ சொன்னது உன் கையில சூடா விழுந்திருக்கு. இனிமே மைக்கப் புடிச்சா எனக்கு அதுதான ஞாபகம் வரும்?"

அழுதது அவள். அழ வேண்டியது நான்.

மார்ச் 21, சனி

போட்டி. இரண்டு பேருமே மைக்கைத் தொடவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

கட்டு இன்னும் பிரிக்கவில்லை, அவிழ்ந்து கிடக்கும் கயிற்றை என்னால் இழுத்துக் கட்ட முடியாது. "நான் போறேன்" என்று அவளே போனாள். முதல் தடவை. மெயினை அணைத்தாள், ஃபியூஸைப் பிடுங்கினாள், போனில் சொன்னாள். வீட்டில் ரேடியோவை இயக்கும் என் கம்ப்யூட்டர் திரை இருட்டானது. காத்திருந்தேன்.

மேசையில் சின்ன ரிசீவர் ஒன்று உண்டு. பால்கனிக் கம்பியில் கேட்க மட்டும் செய்யும். சும்மா திருகினேன். தீவு! இன்று மூட்டை கட்டுகிறார்களாம், கடைசி சில நிமிஷம். இவ்வளவு தெளிவாக நான் அவர்களைக் கேட்டதே இல்லை. "வேறு யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அப்போதுதான் திரை பளிச்சென்று உயிர் பெற்றது. ஃபியூஸைப் போட்டுவிட்டாள். ஆனால் போன் வரவில்லை. நான் அடித்தேன், எடுக்கவில்லை.

மைக் கைக்கெட்டும் தூரத்தில். பவர் வந்துவிட்டதே, அப்புறம் என்ன? வேலை முடிந்திருக்கும், செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு தடவை. என் ரேடியோ அழைப்புக் குறியைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆறு வருஷம்டி, ஆறு வருஷம்!

இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

"யாரும் இல்லையா? சரி, போய்வருகிறோம்." தீவு அடங்கியது. வெறும் இரைச்சல்.

அப்புறம்தான் போன் வந்தது. "இறங்கிட்டேன்க்கா. திட்டாத. ஃபியூஸப் போட்டப்புறம்தான் கட்டிங் பிளேயர் மரத்தடியில கெடக்கறது ஞாபகம் வந்துச்சு. திரும்பப் போய், அப்படியே கம்பிய ஒரு தடவ இழுத்துப் பார்த்துட்டு வந்தேன்."

"கையாலயா?"

"ம். ஏன்க்கா குரல் ஒரு மாதிரி இருக்கு? தீவு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நல்லா கேட்டுச்சு. போயிட்டாங்க."

"ஐயோ! எத்தன தடவ கூப்பிட்ட?"

"ஒரு தடவகூட இல்ல. நீ சொல்லலையே."

ரொம்ப நேரம் போனில் கோழிகளின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.