நீ நிறுத்தச் சொன்ன சர்வர்

உன் மடிக்கணினி நேற்று என் மேசைக்கு வந்து சேர்ந்தது. வழக்கு முடிந்துவிட்டதால் கோர்ட்டில் வைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கட்டி, முடிச்சுகளின் மேல் சிவப்பு அரக்கு ஊற்றிய பொட்டலம். உன் அம்மாதான் பஸ் ஏறிக் கொண்டுவந்தார்.

"எனக்கு இதத் தொறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. வூட்டுல இருந்தா கண்ணு அதும்மேலயே போவுது. நீயே வச்சிக்க," என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

அவர் படியிறங்கிய பிறகு கட்டைப் பிரித்தேன். அரக்கு வாடையோடு துரு வாடையும் எழுந்தது. மூடியின் நடுவில் கடப்பாரை இறங்கிய குழி. விசைகளுக்கு நடுவே கறுப்பாகக் காய்ந்திருப்பது தூசி இல்லை என்று எனக்குத் தெரியும். நான்கு வருடமாக உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்து, எழுதாமலே தள்ளிப்போட்டதை இன்றைக்கு எழுதுகிறேன்.

நம் பழக்கமே ஓர் அடியில் ஆரம்பித்ததுதான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நீ எழுதி விடுதியில் எல்லோருக்கும் கொடுத்திருந்த ஒரு ப்ரோகிராமை எடுத்து, மேலேயிருந்த உன் பெயரை அழித்து, என் பெயரைப் போட்டு ஆசிரியரிடம் காட்டினேன். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியருகே வந்தாய். வந்ததும் வாயில் குத்தினாய். முன்பல் பாதி உடைந்தது. ரத்தம் துப்பிக்கொண்டிருந்த என் பக்கத்தில் குந்தி, "எடுத்துக்கன்னுதான வெளிய வச்சேன். எடுத்ததுக்கு அடிக்கல. பேர எதுக்குடா அழிச்ச?" என்றாய். பிறகு நீயே என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாய். கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அரூரில் உரக்கடை மாடியில் நாம் அறை எடுத்தபோது இருவருக்கும் பெங்களூர் வேலை அலுத்திருந்தது. கீழேயிருந்து நாள் முழுக்க உர நெடி ஏறும். புளி மண்டிக்கும் பால் சொசைட்டிக்கும் மென்பொருள் எழுதினோம். எழுதிய நேரத்தைவிடச் சண்டை போட்ட நேரம் அதிகம். நான் புதுப் போன் வாங்கிவந்தால் அதைத் திருப்பிப் பார்த்து, "பேட்டரியக் கழட்ட முடியலன்னா அது உன் போன் இல்லடா, உனக்கு வாடகைக்கு வுட்டிருக்கான்," என்பாய். உரக்கடைக்காரர் பேசினால் பாட்டுப் போடும் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தார். "நீங்க பேசாதப்பவும் அது கேட்டுகினுதான் இருக்குதுங்க," என்று நீ சொன்னதும் அதைத் துணிபோட்டு மூடினார். மண்டிக்காரரின் பழைய கணினியில் அவரைக் கேட்டுவிட்டுத்தான் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டாய். மறுநாள் திரையில் படங்கள் இடம் மாறியிருந்த கோபத்தில் அவர் கீபோர்டைத் தூக்கி உன்மேல் எறிந்தார். நெற்றி வீங்கிக்கொண்டு வந்தவன் மூன்று நாள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாய்.

எனக்கு இதெல்லாம் வீண் பிடிவாதமாகப் பட்டது. ஓடுகிறதா, அது போதும் என்பது என் கட்சி. "யாருடா உக்காந்து நம்ம ப்ரோகிராமைப் படிக்கப் போறான்?" என்று கேட்பேன். "படிக்க மாட்டான். படிக்கலாம்னு அவனுக்குத் தெரியணும்," என்பாய்.

பள்ளிக்கூட வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் போனில் பார்க்கும் செயலியை நாம் எழுதிய வருடம்தான் நமக்குப் பேர் வந்தது. அதன் மூல நிரலை நீ எல்லோருக்கும் திறந்து வைத்தாய். வேன்கள் எல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தம். நமக்குப் பெரிய வாடிக்கை அவர்தான். ஒருநாள் மாடியேறி வந்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி சேலத்துல காலேஜு போவுதுங்க. காலம் கெட்டுக் கெடக்குது. இதையே அது போனுல போட்டுக் குடுங்க. அதுக்குத் தெரிய வேணாம்."

"அதுகிட்டக் கேட்டீங்களா?" என்றாய்.

"அதுகிட்ட என்னத்தக் கேக்கறது?"

"அப்போ போட மாட்டோம்ங்க."

அவர் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து நீ கடத்தூர் பால் சொசைட்டிக்குப் போயிருந்த நேரத்தில் மறுபடி வந்தார். கையில் தங்கையின் போன். பழுதுபார்க்கக் கொடுத்ததாக அவளிடம் சொல்லியிருந்தார். நான் செயலியை அதில் போட்டு, அதன் படம் திரையில் தெரியாதபடி செய்தேன், இடம் அனுப்பும்போது வரும் அறிவிப்பை நிறுத்தினேன். மொத்தம் பத்து வரி. மாற்றத்துக்குக் குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் "சிறு திருத்தம்" என்று எழுதினேன். அண்ணன் தங்கையைப் பற்றிக் கவலைப்படுகிறான், இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை, மத்தியானம் மூன்றே முக்கால். வேன் செயலி ஓடும் சர்வர் தடுமாறுகிறது என்று நீ பார்க்க உட்கார்ந்தாய். ஒரே ஒரு போனின் இடத்தை யாரோ ஐந்து விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இது எந்த வேன்டா?" என்றாய். பழைய மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனாய். என் பெயர், "சிறு திருத்தம்", பத்து வரி. படித்து முடித்ததும் எழுந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாய். கை ஓங்கியது. பிறகு விட்டுவிட்டாய். "அடிக்கறதுக்கு நேரமில்ல," என்றாய்.

அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாய். அந்தத் தங்கை சங்கீதா எடுத்தாள். அன்றைக்குக் காலையில்தான் அவளும் கூடப் படித்த வினோத்தும் சேலத்தில் ஒரு கோவிலில் தாலி கட்டிக்கொண்டு, கடத்தூருக்கு அப்பால் அவன் சிநேகிதன் வீட்டில் ஒளிந்திருந்தார்கள். "உங்க போன் நீங்க இருக்கற எடத்தக் காட்டிக் குடுக்குது. அணைச்சிட்டு அங்கேர்ந்து கெளம்புங்க," என்றாய். "நீங்க யாரு, அண்ணன் ஆளா?" என்று கேட்டுத் துண்டித்தாள். மறுபடி எடுக்கவில்லை.

நீ லாப்டாப் பையை முதுகில் மாட்டினாய், வண்டிச் சாவியை எடுத்தாய். "நான் போறேன். நீ சர்வர நிறுத்து. இப்பவே." படியில் பாதி இறங்கியவன் திரும்பி, "இப்பவேடா," என்றாய்.

அதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். விரலை வைத்தேன். ஆனால் அது பள்ளிக்கூடம் விடும் நேரம். நானூறு வீட்டார் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மொத்தமாக நிறுத்துவானேன், அந்த ஒரு போனை மட்டும் தடுத்தால் ஆகாதா என்று யோசித்தேன். அதற்கு நிரல் எழுத ஆரம்பித்தேன். முதல் முறை பிழை. இரண்டாம் முறையும் பிழை. சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற புத்தி அந்த நேரத்திலும் எனக்கு விட்டுப்போகவில்லை. மூன்றாவது முறை சரியாக ஓடியபோது மணி நாலு ஐந்து. அதற்கப்புறம்தான் போலீசுக்குப் போன் செய்தேன்.

நீ கூப்பிட்டது அவர்களைப் பயமுறுத்தியிருந்தது. சிநேகிதன் வீட்டை விட்டு மரவள்ளிக் காட்டுக்குள் நடந்து, ஒரு மோட்டார் ரூமுக்குள் போய்விட்டார்கள். பாதுகாப்புக் கேட்டுப் பேசியிருந்த வக்கீல் கூப்பிடுவார் என்று போனை மட்டும் அணைக்கவில்லை. நீ சொன்ன உடனே நான் நிறுத்தியிருந்தால் அவள் அண்ணன் அந்தச் சிநேகிதன் வீட்டுக்குத்தான் போய் நின்றிருப்பான். வெறும் வீட்டைப் பார்த்திருப்பான். நான் பிழை திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் புள்ளி காட்டுக்குள் நகர்ந்து, மோட்டார் ரூமில் நின்றது. அவனும் அதைப் பார்த்தான். வழியில் வண்டியை நிறுத்தி நீயும் அதைப் பார்த்திருக்கிறாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சங்கீதா கோர்ட்டில் சொல்லித்தான் கேட்டேன். அண்ணனும் சித்தப்பா மகனும் கொடுவாளும் கடப்பாரையுமாகக் கதவை எட்டி உதைத்து உள்ளே வந்தார்கள். வினோத்தின் கையை வாசற்படியில் வைத்து அழுத்திப் பிடித்துக் கொடுவாளால் வெட்டினார்கள். இரண்டு விரல் மண்ணில் விழுந்தது. அடுத்த வெட்டு கழுத்துக்கு என்று ஓங்கியபோது யாரோ ஒருவர் ஓடிவந்து வினோத்மேல் குப்புற விழுந்தார். "அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. முதுகுல பை இருந்துச்சு. கடப்பாரையால மொதோ அடி பைமேல விழுந்துச்சு. எந்திரிங்க, எந்திரிங்கன்னு கத்தறேன், எந்திரிக்கவே இல்ல. ரெண்டாவது அடி தலையில," என்றாள்.

புள்ளி கடைசியாக நின்ற இடத்துக்கு உரக்கடைக்காரர் வண்டியில் நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன்காரன் களைத்துப்போய் வரப்பில் உட்கார்ந்திருந்தான். மற்றவன் இன்னும் உன் விலாவில் உதைத்துக்கொண்டிருந்தான். என் கையில் ஹெல்மெட் இருந்தது. அதைக்கொண்டே அவன் முகத்தில் அடித்தேன். விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தேன். தாடை நொறுங்கும் சத்தம் கேட்டது; கேட்டும் நிறுத்தவில்லை. பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் என்னை இழுத்துப் பிடித்தார்கள். அவனை அடித்தபோது எனக்கு உன் நினைவே இல்லை என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். என்னை நான் அடிக்க முடியாத கோபத்தை அவன்மேல் இறக்கிக்கொண்டிருந்தேன்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாய். மூன்றாம் நாள் கண் திறந்தாய். தலை முழுக்கக் கட்டு, இடது கண் மூடியே இருந்தது.

"நிறுத்தினியா?" என்றாய்.

"நிறுத்தினேன்."

"எத்தன மணிக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "நாலு அஞ்சுக்கு," என்றேன்.

நீ கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. பிறகு, "அந்தப் பையன்?" என்று கேட்டாய். உயிரோடு இருக்கிறான் என்றேன். "எழுதுனத அழிக்காத. போலீசு கேட்டா அப்பிடியே குடு," என்றாய். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்கப்புறம் நீ தெளிவாகப் பேசவே இல்லை. பதினோராம் நாள் போய்விட்டாய்.

நீ சொன்னபடி அப்படியே கொடுத்தேன். கோர்ட்டில் அரசு வக்கீல் அந்தப் பத்து வரியைத் தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டு, மேலேயிருந்த குறிப்பை உரக்க வாசித்தார். "சிறு திருத்தம். இத எழுதுனது யாரு?" நான்தான் என்றேன். அதுவரை உன் அம்மாவுக்கு அது தெரியாது. வெளியே வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தார். செருப்பைக் கழற்றி முகத்திலும் தலையிலும் மாறி மாறி அடித்தார். "ஒரே எலையில தின்னீங்களேடா, ஒரே எலையில தின்னீங்களேடா," என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. போலீஸ்காரர் ஒருவர் தடுக்க வந்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். உன் அம்மாவின் கை ஓயும்வரை நின்றேன்.

இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை. ஹெல்மெட் அடிக்கு என்மேல் தனி வழக்கு, அது நடக்கிறது. வேன் செயலியை மூடிவிட்டேன். அறை அதேதான், மண்டிக்காரர் மட்டும் உன் லினக்ஸை மாற்றக் கூடாது என்று சொல்லி இன்னும் என்னிடமே வருகிறார். மாதம் ஒருத்தராவது மாடியேறி வந்து, பெண்டாட்டி போனில், மகள் போனில் தெரியாமல் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒருவன் நான் மறுத்ததற்குக் கதவுக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனான். இப்படிச் செயலி கடையிலேயே விற்கிறது, வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்றான். விற்கத்தான் செய்கிறது.

தீர்ப்பு வந்து கொஞ்ச நாளில் சங்கீதா வந்தாள். அவளும் வினோத்தும் ஓசூரில் இருக்கிறார்கள். தனியாக வந்திருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, போனை என் மேசைமேல் வைத்தாள்.

"மூணு போன் மாத்திட்டேங்க. எதக் கையில எடுத்தாலும் உள்ள எதோ இருக்குதுன்னே தோணுது. தூங்க முடியல. பாத்துச் சொல்லுங்க."

"ஓசூர்ல எத்தனையோ பேரு இருக்காங்களேம்மா. எங்கிட்ட ஏன் வந்தீங்க?"

"என்னத்தத் தேடணும்னு அவங்களுக்குத் தெரியுமா? வச்சவரு நீங்கதான?"

கை நீட்டினேன். அவள் போனை விடவில்லை. "நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியணும். நான் பாக்காம எதையும் தொடாதீங்க," என்றாள்.

போனைக் கணினியில் இணைத்து, திரையை அவள் பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு செயலியாகத் திறந்து, இது என்ன, யார் எழுதியது, எதைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். புரியாத இடத்தில் நிறுத்தச் சொன்னாள். மறுபடி சொன்னேன். என்னால் உள்ளே பார்க்க முடியாதவற்றைக் காட்டி, "இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்கும் தெரியாது," என்றேன். அவற்றை அவளே நீக்கினாள். இரண்டு மணி நேரம் ஆனது. ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரலைங்க," என்றாள்.

"வேண்டாம்மா."

அதற்கப்புறம் மாதம் ஒருமுறை வருகிறாள். போன வாரமும் வந்தாள். ஒன்றும் இருக்காது என்று இருவருக்குமே தெரியும், ஆனாலும் முதலிலிருந்து பார்க்கிறோம். என்னை அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. நான் விசையைத் தொடும்போதெல்லாம் அவள் கண் திரையைப் பார்ப்பதில்லை, என் விரலையே பார்க்கிறது. அவள் இல்லாத நாள்களிலும், யாருக்கு எதை எழுதினாலும், அந்தக் கண் என் விரல்மேல் இருக்கிறதடா. அது அங்கேயே இருக்கட்டும்.