சுதந்திர கேக்

மார்ச் 3

மசோதா நிறைவேறிவிட்டது! இனி எந்தச் சமூக வலைத்தளமும், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவர் எழுதியதை நீக்க முடியாது. நீக்கினால் அபராதம்; உடனே அமலாம். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவரிடம் எழுத்துப் பலகையைக் காட்டுவதை விட்டுவிட்டு, கடை டிவியில் சட்டசபையைக் காட்டினேன். "இது தெளிவாத் தெரியுது சார்" என்றார்.

என் வயிற்றெரிச்சல் எனக்குத்தானே தெரியும். போன மாதம் தெருச் சாக்கடை பற்றி நான் எழுதியதை வலைத்தளக் கம்பெனிக்காரன் தூக்கிவிட்டான். நான் யாரையும் திட்டவில்லை. பொறியாளரை ஒரே ஒரு விலங்கின் பெயரால் அழைத்திருந்தேன், அவ்வளவுதான். அதுவும் நான் நடத்தும் 'நம்ம ஏரியா' பக்கத்தில், ஐயாயிரத்துச் சொச்சம் பேர் முன்னால்! கண்ணாடி வாங்க வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துச் சேர்த்த கூட்டம் அது.

தங்கை பேக்கரி வைத்திருக்கிறாள். பெரிய கேக்காக ஒன்று சொன்னேன். "பொறந்த நாளுக்குக் கேக் வெட்டுவாங்க. சட்டத்துக்குமாண்ணே?" என்றாள். மேலே 'சுதந்திரம்' என்று எழுதச் சொன்னேன்.

மார்ச் 5

கடையில் கேக் வெட்டினோம். தெருவில் போனவர்களுக்கும் கொடுத்தேன். வக்கீல் நண்பர் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, "சட்டம் நல்ல ருசியா இருக்கே" என்றார். பேக்கரியின் பெயரோடு படம் போட்டிருக்கிறேன். தங்கைக்கும் நாலு ஆர்டர் வரட்டுமே.

மார்ச் 7

'நேர்மை நெஞ்சன்' என்ற பெயரில் எவனோ என் பக்கத்தில் எழுதியிருக்கிறான்: "சுதந்திர கேக் சாப்பிட்டேன். ராத்திரி பூரா சுதந்திரமாகப் போய்க்கொண்டே இருந்தேன்." கீழே பேக்கரியின் பெயர்.

முதலில் சிரித்துவிட்டேன். டைரியிலாவது உண்மையைச் சொல்ல வேண்டும். பிறகுதான் கீழே இருந்த தங்கை கடைப் பெயர் உறைத்தது. அழிக்கப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"தொடாத! ஐயாயிரம் பேருக்கு மேல இருந்தா உன் பக்கமும் அந்தச் சட்டத்துக்குள்ளதான் வருது."

"பச்சைப் பொய்யை எழுதினாக்கூடவா?"

"வயித்து வலியை எப்படிய்யா பொய்னு காட்டுவ? கோர்ட்டுக்குப் போகலாம். தீர்ப்பு வர்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் பல்லு கொட்டிடும்."

என் கையை நானே கட்டிப்போட்டுக்கொண்டு, அதற்குக் கேக் வேறு வெட்டியிருக்கிறேன்.

மார்ச் 8

கேக் சாப்பிடாதவர்களுக்கும் வயிறு வலிக்கிறதாம். ஒருவருக்குப் படத்தைப் பார்த்ததுமே வலித்துவிட்டதாம். ஆயிரம் பேர் அதற்கும் சிரிக்கிறார்கள்.

மார்ச் 10

பள்ளிக்கூடத்தில் தங்கையின் பன்னை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் விஷயம், பெற்றோர் பயப்படுகிறார்கள் என்று காரணம். அவள் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அந்தப் பன்தான்.

கடைக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அழிக்க முடியாதுன்னா பக்கத்தையே மூடிடுண்ணே. மூடினா தப்பில்லைன்னு உன் வக்கீலே சொல்றாரு."

"ஐயாயிரம் பேரோட குரல்மா அது."

"அதுல எத்தன பேரு பேசுறாங்க? நீதான் விடாம பேசிட்டிருக்க."

பிசைந்த மாவைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள். முழங்கையில் காய்ந்த மாவு அப்படியே இருந்தது. அவள் போன பிறகு, பக்கத்தை மூடும் பொத்தான் வரை போனேன். ஆனாலும் மூடவில்லை. ஏன்டா? கூடப் பிறந்தவளைவிட உனக்கு அது பெரிசா போச்சா?

மார்ச் 11

ஒரு யோசனை. கூட்டம் ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கினால் சட்டம் என்னைத் தொடாது. பக்கமும் பிழைக்கும், அவளும் பிழைப்பாள். "அன்பர்களே, தயவுசெய்து வெளியேறுங்கள்" என்று அறிவித்தேன். ஒருவரும் நகரவில்லை. "அப்படி எதை மறைக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள்.

மார்ச் 12

ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். வெட்கத்தை விட்டுச் சொன்னால் — உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மார்ச் 14

நேர்மை நெஞ்சன் கடைக்கே வந்தான்! கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனாம். படிக்கக் கண்ணாடி வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தவன், "அந்தக் கேக் சமாசாரம் எழுதினது நான்தாண்ணே. கோவம் இல்லையே?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டான்.

"நிஜமாவே வயிறு வலிச்சுதா?"

"வலிச்சுது. அன்னைக்கு என்னென்னமோ சாப்பிட்டேன், கேக்தான்னு எப்படிச் சொல்றது? ஆனா எழுதினது நல்லா வந்திருந்துச்சுல்ல?"

"அப்ப நீயே அழிச்சிடுப்பா. அது என் தங்கச்சி கடை. அவ பொழப்பே போயிட்டிருக்கு."

அவன் முகம் சுருங்கிவிட்டது. பாவம், உண்மையாகவே வருத்தப்பட்டான்.

"அய்யோ, தெரியாதுண்ணே. ஆனா… அவ்வளவு பேர் சிரிச்சிருக்காங்க. நான் சொல்லி வீட்லகூட யாரும் சிரிச்சதில்ல. அழிக்க எப்படிண்ணே மனசு வரும்?"

இவனெல்லாம் மனுஷனா என்று கேட்க வாயெடுத்தேன். என்னிடமே கேட்க வேண்டிய கேள்வி அது. எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரியைப் படிங்க" என்றேன்.

மார்ச் 15

பக்கத்தை மூடிவிட்டேன்.

மார்ச் 16

கை சும்மா சும்மா போனுக்குப் போகிறது. சாக்கடை இன்னும் நாறுகிறது. யாரிடம் சொல்ல?

மார்ச் 27

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் பன் போகிறது. சுகாதாரத் துறை ஆள் வந்து பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாராம். தங்கை சுடச்சுட நாலு பன் கொண்டுவந்தாள். "கை என்னண்ணே பரபரன்னு இருக்கு? வந்து மாவு பிசை" என்று சிரித்தாள். அழுகை வந்துவிட்டது எனக்கு.

மே 2

'நம்ம ஏரியா' மறுபடி வந்துவிட்டது. நடத்துவது நேர்மை நெஞ்சன். என் கூட்டம் மொத்தமும் அங்கே போய்விட்டது. நேற்று அதில் ஒருவர் என் கடையைப் பற்றி எழுதியிருக்கிறார்: "அந்தக் கடைக் கண்ணாடியைப் போட்டால் எங்கள் ஆபீஸ் மேனேஜர் இரண்டாகத் தெரிகிறார். ஒருவரையே தாங்க முடியவில்லை." பயங்கரச் சிரிப்பு. இன்று இரண்டு பேர் ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மாலையில் நெஞ்சன் வந்தான். அதை எடுத்துவிடப்பா என்று கெஞ்சினேன்.

"எனக்கும் ஆசைதாண்ணே. ஐயாயிரம் தாண்டிடுச்சே. சட்டம் இருக்குல்ல?"

ஐயாயிரம் தாண்டியதற்குக் கேக் கொண்டுவந்திருந்தான். தங்கை கடைக் கேக். மேலே அவள் கையெழுத்தில் 'சுதந்திரம்' என்று இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.