நாலாவது கை

வியாழன், இரவு.

முதியோர் சங்க மண்டபத்தில் அம்மாவும் மூன்று பெண்களும் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரிப்பது அங்கே மட்டும்தான். சங்கத் தலைவர் மாஸ்டர் என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, பொம்பிளையள் கடதாசி விளையாடினா ஊர் என்ன கதைக்கும்? அம்மாவைப் பஜனைக்கு வரச்சொல்லுங்கோ.”

வெளியே ஆண்கள் மேசை போட்டு அதே விளையாட்டைத்தான் விளையாடினார்கள்.

“நீங்கள் பாடுங்கோ மாஸ்டர். நாங்கள் கேட்டுக்கொண்டு விளையாடுறம்,” என்றார் அம்மா.

மாஸ்டர் நகரவில்லை. அம்மாவோடு ஆடிக்கொண்டிருந்த தர்மபுரத்து அன்ரி பயந்து எழுந்து போய்விட்டார். நாலு பேர் இல்லாமல் ஆட்டம் இல்லை. அம்மா கடதாசிகளை அடுக்கினார்.

எனக்குச் சங்கங்களில் நம்பிக்கை இல்லை. அம்மாவை இறக்கிவிட்டு வாசலில் புத்தகத்தோடு இருப்பவள் நான். இன்று போய் அந்த வெறுங்கதிரையில் இருந்தேன்.

“மாஸ்டர், வெளிச்சத்தை மறைக்கிறீங்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”

அம்மாவும் நானும் ஒரு பக்கம்; மூன்று ஆட்டமும் தோற்றோம். “கம்பஸிலை பட்டம் படிச்சவள், துரும்பாலை வெட்டத் தெரியேல்லை,” என்று வீடு வரும்வரை அம்மா ஏசினார்.

அடுத்த வியாழன் மாஸ்டர் மண்டபத்தைப் பூட்டிவைக்கக்கூடும். பூட்டட்டும். எங்கள் மேசையையும் நாலு கதிரைகளையும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போய் ஆண்களுக்கு நடுவிலேயே போடுவேன். அதற்கு முதல் அன்ரியின் வீட்டுக்குப் போய் அவரைக் கூட்டிவர வேண்டும்.