சிங்களத்தில் கேட்ட கேள்விகள்

12.3.1979, திங்கள்

டாக்டராகப் பதிவதற்கான பரீட்சையில் போன தடவை நோயாளியை விசாரிக்கும் பகுதியில்தான் பெயிலானேன். ரஷ்யாவில் ஆறு வருசம் படித்த எனக்கு, ஒரு சிங்களப் பெரியவரிடம் எங்கே வலிக்கிறது என்று சிங்களத்தில் கேட்க வாய் வரவில்லை. அடுத்த பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கிறது.

இன்று அக்கரப்பத்தனை பஜாரில் பேக்கரி வைத்திருக்கும் சிங்களத்துச் சோமாவதி அம்மாவிடம் போய், நோயாளி மாதிரி நடிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஆனால் நடிக்கவில்லை. இரண்டு மாசமாக இருமலாம், ராத்திரியில் வேர்க்கிறதாம், சளியில் ரத்தமாம். ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"நீயே மருந்து எழுதிக் குடு மகளே."

"நான் எழுதக் கூடாதும்மா. நாளைக்குக் காலையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வாறேன்."

சரி என்றார். பயந்துபோய் என் கையை விடவேயில்லை.

அவ்வளவையும் தடுமாறாமல் சிங்களத்திலேயே பேசியிருக்கிறேன் என்பது தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறி வரும்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அடுப்படியில் நின்ற அம்மா கேட்டாங்க:

"போன பரீட்சை ரிசல்ட் இன்னும் வரலியா?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.