ருத்தேனியமும் ஒரு கரைப்பானும்

அன்பு மாப்பிள்ளை ரவிக்கு,

நம் ஆய்வகம் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்திருக்கிறது. பல கூட்டங்களுக்கும் பல தட்டு வடைகளுக்கும் பிறகு, குளிர்பதனப் பெட்டியைச் சுத்தம் செய்வதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். ‘உணவு வைக்கக் கூடாது’ என்று ஒட்டிய கதவுக்குப் பின்னால் யாருடையதென்று தெரியாத மாங்காய் ஊறுகாய் இருந்தது. அதற்கும் பின்னால், நீங்கள் செய்த ஆரஞ்சுப் பொடி.

தோற்றுப்போனவற்றோடு அதையும் கொட்டச் சொன்னார்கள். ருத்தேனியம் என்ற உலோகத்தை வைத்துக் கருங்காய்ச்சலுக்கு மருந்து தேடினீர்கள். மணல் ஈ கடித்து வரும் அந்த நோய் காசில்லாதவர்களாகப் பார்த்துப் பிடிப்பதால், மருந்துக் கம்பெனிகளின் கண்ணில் படுவதில்லை. பழைய ஆண்டிமனி ஊசிக்கோ, அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி பல இடங்களில் பழகிவிட்டது. உங்கள் பொடி அதை ஒன்றும் செய்யவில்லை என்று உயிரியல் பிரிவு சொன்னபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீங்கள் கேட்டது ஒன்றுதான்: “எதுல கரைச்சாங்க, மச்சான்?” பதில் வருவதற்குள் போய்விட்டீர்கள். அப்படி என்ன அவசரம்?

கொட்டுவதற்கு முன் அந்தக் கேள்வியோடு மாடியேறினேன். சோதனை செய்த சாரதா இருந்தாள்.

“டி.எம்.எஸ்.ஓ.லதான் சார். நாங்க எல்லாத்தையும் அதுலதான் கரைப்போம். அதுல கரையாதது எங்க மேடம் கோபம் ஒண்ணுதான்.”

“உலோகத்தையுமா?”

“அதுக்குன்னு தனியா பாகு காய்ச்சணுமா சார்?”

அந்தக் கரைப்பான், உலோகத்தோடு ஒட்டியிருப்பதைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்துகொள்ளும். கைக்குட்டை போட்டு வைத்த பஸ் சீட்டில் வேறொருவர் உட்காருவதைப் போல. அவர்கள் சோதித்தது நீங்கள் செய்த பொருளையே அல்ல. விளக்கியதும் சாரதா கையை நீட்டினாள். “கொடுங்க சார், உப்புத் தண்ணியில போட்டுப் பார்க்கிறேன்” என்றாள்.

ஒட்டுண்ணிகள் செத்தன, மாப்பிள்ளை. அவை குடியிருந்த செல்கள் பிழைத்தன. இதனால் மட்டும் இது மருந்தாகிவிடாது. கண்ணாடித் தட்டில் ஜெயித்து உடம்பில் தோற்றவை ஏராளம். ஆனாலும் தொம்மலூர் போய் வசந்தியிடம் சொன்னேன்.

“அப்ப அவரு செஞ்சது தப்பில்லையா, அண்ணா?”

“தப்பே இல்லம்மா.”

“எனக்குத்தான் தெரியுமே” என்று சொல்லிவிட்டுக் காபி கொடுத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள். அப்படியே குடித்து முடித்தேன்.

சோதனையிலேயே பொடி தீர்ந்துவிட்டது. உங்கள் முறைப்படியே புதிதாகச் செய்து நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். எதில் கரைக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

அடுத்த சோதனைக்கான எலிகள் திங்கட்கிழமை வருகின்றன.

உங்கள் மனைவியின் அண்ணன்,
சுந்தரம்