ஈரத் துணி கொடுத்த நாள்

2008 மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒப்பரேஷன் தியேட்டரில் பிழை விட்டேன். இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

மங்களேஸ்வரி டீச்சருக்கு இடுப்பு மூட்டு மாற்றினோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அலுவலாகக் கண்டிக்கு வந்த இடத்தில் விழுந்தவர். தொடை எலும்புக்குள் உலோகத் தண்டு இறக்கியாயிற்று. அதன் கூம்புக் கழுத்தில் உருண்டையை ஏற்ற வேண்டும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. சொட்டு ஈரமில்லாமல் துடைத்துவிட்டுச் சுத்தியலால் ஓர் அடி. இரண்டு உலோகமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஈரம் இருந்தால் பிடி தளரும்.

டீச்சரின் பிரஷர் இறங்குகிறது என்று யாரோ கத்தினார்கள். டொக்டர் காய்ந்த துணி கேட்டார். பக்கத்தில் நேர்ஸாக நின்ற நான் பதற்றத்தில் நீட்டியது ஈரத் துணி. அவர் கண் மொனிட்டரில். துடைத்தார், அடித்தார்.

துணி ஈரமென்று நான் சொல்லவில்லை. என்னையே கேட்கிறேன்: அடியே பியட்றிஸ், வாயில என்ன கொழுக்கட்டையா? — பயம். பஸ்ஸில் குண்டு வெடித்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் என் அடையாள அட்டையை இரண்டு தரம் பார்க்கிறார்கள். தமிழச்சி பிழை விட்டால் அதைப் பிழை என்றா சொல்வார்கள்?

மார்ச் 6

டீச்சர் வாக்கரைப் பிடித்து நாலடி நடந்தார். "மிஸ்ஸி, நோகேல்லை. உம்மட கை நல்ல கை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை கழுவுகிற இடத்தில் போய் நின்று அழுதேன்.

மார்ச் 9

பூசைக்குப் போனேன். மறைத்த பிழையோடு நற்கருணை வாங்கவில்லை.

மார்ச் 12

டீச்சருக்கு 20ஆம் திகதி விமானம். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடக்கிறது. அங்கே போய் உருண்டை கழன்றால் யார் திறந்து பார்ப்பது? எக்ஸ்ரேயில் ஈரம் தெரியாது. நான் சொன்னால்தான் உண்டு.

மார்ச் 13

சொல்லிவிட்டேன். முதலில் டொக்டரிடம். டீச்சரிடமும் நீயே சொல் என்றார்.

டீச்சர் முழுவதையும் கேட்டார். "ஏன் பிள்ளை, ஒம்பது நாள் தனிய வச்சு அவிஞ்சனீர்?" ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பத் திறக்கச் சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு: "இந்தப் பிள்ளைதான் பக்கத்தில நிக்கோணும்."

மார்ச் 17

திறந்தோம். பலமாக அடித்துக் கழற்ற வேண்டிய உருண்டை லேசான ஒரு தட்டில் வந்துவிட்டது. டொக்டர் இரண்டு தரம் துடைத்துப் புது உருண்டையை ஏற்றினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. மாதாவே!

ஏப்ரல் 2

20ஆம் திகதி விமானம் டீச்சர் இல்லாமலே போய்விட்டது. முன்பு தங்கியிருந்த லொட்ஜில் படி அதிகம் என்று டீச்சரை மஹய்யாவையில் என் அறைக்கே கூட்டிவந்துவிட்டேன். இடுப்பு அதிகம் மடியக் கூடாதென்று கட்டிலுக்குக் கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன். என் சாம்பாரில் புளி போதாதாம், தினமும் ஏச்சு.

பின்னேரம் பொலிஸ் வந்தது. வெளியூர்த் தமிழர் எங்கே தங்கினாலும் பதிய வேண்டும். சுவரில் மாதா படம், டீச்சர் நெற்றியில் திருநீறு. பொலிஸ்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்காரி உனக்கு என்ன முறை என்று டீச்சரைக் கேட்டார்.

டீச்சர் தமக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் பதில் சொன்னார்: "மகே துவ."

என் மகள்.

பொலிஸ்காரர் அப்படியே எழுதிக்கொண்டார்.