பேர் சொல்லாத ஜெபக் குறிப்பு

ஜூலை 4

அன்புத் தோட்டக்காரிக்கு,

சமாதானம் உன்னோடு இருக்கட்டும். என்மேல் உள்ள கோபம் கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். உன் தம்பி வீட்டு முகவரியைக் கறக்க உன் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆறு ஜன்னல் திரைக்கு ஓரம் தைத்துக் கொடுத்தேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தையாவது கிழித்துப் போடுவதற்காகப் பிரிப்பாய் அல்லவா?

இங்கே எல்லாரும் சுகம். இனி இருபது நிமிஷத்தில் பிரசங்கத்தை முடிப்பதாகப் போதகர் வாக்குக் கொடுத்தார்; அந்த வாக்கை விளக்கவே இருபது நிமிஷம் ஆயிற்று. பாடகர் குழுவுக்குப் புது அங்கி தைத்துக் கொடுத்தேன். போன வருஷ அளவுதான் இந்த வருஷமும் என்று பேக்கரிக்காரி சாதித்தாள். முதல் பாட்டு உச்சத்துக்குப் போனபோது இரண்டு பொத்தான் பறந்தது. ஒன்று ஆர்கன் வாசிப்பவர் மூக்கில். அவர் சுருதி தப்பவில்லை, பாவம்.

கோயில் தோட்டம் இப்போது என் பொறுப்பு. யார் செய்வீர்கள் என்று கேட்டபோது நான்தான் கை தூக்கினேன். ஏன் என்று உனக்குத் தெரியும். ரோஜா என்னைக் கண்டாலே குத்துகிறது. உன் எலுமிச்சை இலையெல்லாம் ஒரே பறவை எச்சம். ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்துவிட்டேன். மரம் பளபளவென்று நிற்கிறது, நீ பார்த்தால் மெச்சுவாய்.

எப்போது வருகிறாய்?

உன் தோழி,
ஊசி

ஜூலை 15

ஊசிக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம்.

அது எச்சம் இல்லை, பட்டாம்பூச்சிப் புழு. குருவி தின்னாமல் இருக்க அப்படி வேஷம் போட்டிருக்கும். துடைக்காதே.

தண்ணீர் காலையில் ஊற்று. வேருக்கு மட்டும்.

வருவதாக இல்லை.

ஜூலை 19

அடி தோட்டக்காரி,

பதினான்கு. உன்னிடம் பெருமையடிக்க எண்ணிக்கொண்டே துடைத்தேன். கையில் ஏதோ மெத்தென்று படுகிறதே என்று அப்போதே யோசித்திருக்கலாம். யோசிப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஒன்று மட்டும் என் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால் தப்பித்தது. என்னைக் குள்ளமாகப் படைத்ததற்காக ஆண்டவருக்கு முதல் தடவையாக ஸ்தோத்திரம் சொன்னேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும்.

அன்றைக்கு நீ தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாய்: "என் வீட்டுக்காரர் செத்ததிலிருந்து என்னால ஜெபம் பண்ண முடியலடி. கண்ணை மூடினா வெறும் இருட்டு. இந்தச் செடிங்ககிட்டதான் பேசறேன். ஆண்டவருக்கும் கேக்கும்னு நினைச்சுக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாதே." "ச்சே, நான் போய்ச் சொல்வேனா?" என்றேன்.

அடுத்த புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு. பேக்கரிக்காரிக்கு முட்டிவலி. ரிடையரான டீச்சருக்கு மருமகள். என் முறை வந்தது. என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்து எனக்குப் பழக்கமும் இல்லை.

"நம்ம சகோதரி ஒருத்தங்க. பேர் சொல்ல மாட்டேன். ஜெபமே பண்ண முடியாம தவிக்கிறாங்க," என்றேன். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "யாரு, யாரு?" "அதான் பேர் சொல்ல மாட்டேன்னேனே. கோயில் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தறவங்க."

பேரைச் சொல்லவில்லையே! இதைத்தான் மூன்று வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை பதினொரு பேர் உன் வீட்டுக்கு வந்து உன் தலைமேல் கை வைத்து உரக்க ஜெபித்தார்கள். பன்னிரண்டாவது ஆள் நான். கை வைக்கவில்லை, கதவோரம் நின்றேன். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நீ மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த வாரம் உன்னை ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்க வேண்டாம் என்றார்கள். "கொஞ்ச நாள் ஓய்வு" என்று அதற்குப் பேர். நீ பெட்டியைக் கட்டினாய்.

அன்றிலிருந்து நான் திருவிருந்து எடுக்கவில்லை. அப்பம் பிட்கும் நேரம் பார்த்துத் தொட்டில் அறைக்குப் போய்க் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். "என்ன ஒரு தியாகம்!" என்கிறார் போதகரம்மா. குழந்தைகளுக்கு மட்டும் விஷயம் தெரிந்திருக்கிறது. நான் தூக்கினாலே வீறிடுகின்றன. உன்னிடம் போய் நிற்காமல் அப்பத்துக்குக் கை நீட்ட எனக்கு வரவில்லை.

உனக்காக ஜெபிக்கிறேன் என்று மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், பார். என் ஜெபத்தால் நீ பட்டது போதும்.

ஊசி

ஆகஸ்ட் 1

ஊசி,

உன் இரண்டு கடிதத்தையும் மூன்று தடவை படித்தேன். பொத்தான் கதைக்குச் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அந்தப் பதினொரு பேரை எனக்கு இப்போது ஞாபகம்கூட இல்லை. கதவோரம் நின்றவளைத்தான் மறக்க முடியவில்லை.

இங்கே தோட்டம் கிடையாது. சமையலறை ஜன்னலில் ஒரு தொட்டி, அதில் பேர் தெரியாத ஒரு செடி. நேற்று அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே உன்னைத் திட்டினேன். நீளமாக, வாய்விட்டு. பாதியில்தான் உறைத்தது, நான் செடியிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று. என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. அதற்கும் உன்னைத் திட்டித்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. முடிக்கும்போது, "அவளையும் பார்த்துக்கோங்க" என்று வாயில் வந்துவிட்டது. நானாக நினைத்துச் சொல்லவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

இதை யாரிடமும் சொல்லாதே.

தோட்டக்காரி

ஆகஸ்ட் 6

அன்புத் தோட்டக்காரிக்கு,

நேற்று புதன்கிழமை. "அவங்ககிட்டேயிருந்து கடிதம் வந்திருக்காமே? தபால்காரர் சொன்னார்," என்றார் போதகரம்மா. (பார், இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை.) பதினொரு தலையும் என் பக்கம் திரும்பின. உன் கடிதம் என் கைப்பையில், என் மடியில். வாரம் தவறாமல் உனக்காக ஜெபிக்கிறவர்கள் அவர்கள். இதைச் சொன்னால் அழுதே விடுவார்கள். நல்ல செய்திதானே, நல்ல செய்தியைச் சொன்னால் என்ன பாவம் என்று என் நாக்கு பேரம் பேசிற்று.

"வந்தது," என்றேன்.

"என்ன எழுதியிருக்காங்க?"

"எலுமிச்சைக்குக் காலையில தண்ணி ஊத்தணுமாம். வேருக்கு மட்டும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பேக்கரிக்காரி பெருமூச்சு விட்டுவிட்டு முட்டிவலிக்குத் திரும்பினாள்.

தப்பித்த புழு கூடு கட்டியிருந்தது. இன்று காலை பார்த்தேன், கூடு காலி. பறந்து போனதை நான் பார்க்கவில்லை. பதினான்கைத் துடைத்தவளுக்குக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று அதற்கு என்ன தலையெழுத்தா?

வரும் ஞாயிறும் தொட்டில் அறையில்தான் இருப்பேன். ஒரு குழந்தை மட்டும் இப்போதெல்லாம் என்னைக் கண்டு அழுவதில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வரவும் வேண்டாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது என்னைத் திட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

ஊசி